அண்ணாதுரையின் கஜானா

“கழுத்துல தொங்குனா அது செலவு. பெட்டியில கிடந்தாத்தான் சொத்து. இதுகூடப் புரியாத பொம்பளைகூட முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

அண்ணாதுரை இப்படிக் கத்தியது சிங்கப்பூர் ஈசூனில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் ஆறாவது மாடி நடைபாதையில், பட்டப்பகலில். எதிர்ப்பக்கத்துச் சீனக் கிழவர் குருவிக் கூண்டு துடைப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. புருஷன் பெண்டாட்டி சண்டைக்குத் தமிழ் தெரிய வேண்டுமா என்ன?

“என் சங்கிலியத்தான் கேக்குறேன். உங்க அப்பா சொத்தையா கேட்டேன்?” என்றாள் அவன் மனைவி சிவகாமசுந்தரி. நாங்கள் சிவகாமி என்றுதான் கூப்பிடுவோம்.

“ரிசர்வுக்குப் போன சாமான் திரும்பி வராது. நாட்டுக்கு எப்படியோ அப்படித்தான் வீட்டுக்கும்.”

நான் பக்கத்து வீட்டுக்காரி, இவர்களுக்கு லாத்தா, அதாவது அக்கா. கையில் பாதி நறுக்கிய கத்தரிக்காயோடு வெளியே வந்தேன்.

“மூணு ரூம் வீடு. அதுல ஒரு ரூமுல கட்டிலுக்கு இடம் இல்ல. இதுக்குப் பேரு நாடா?” என்றேன்.

“லாத்தா, நீங்க இதுல வாய் கொடுக்கக் கூடாது. உங்க பதவி அப்படி.”

பதவி! அந்தக் கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் ரிசர்வ் என்று சேர்த்து வைத்த பணத்தை அரசாங்கம் நினைத்தபடி எடுக்க முடியாது. அரசாங்கத்திடம் ஒரு சாவி, அதிபரிடம் ஒரு சாவி, இரண்டும் சேர்ந்தால்தான் கஜானா திறக்கும் என்பார்கள். அது பேச்சுக்குச் சொல்வது. உலகத்துக்கே அது பேச்சு என்று புரிந்தது, அண்ணாதுரைக்கு மட்டும் புரியவில்லை. தொண்ணூறுகளில் இந்தச் சட்டம் வந்த புதிதில், சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தைக்குப் போய் ஓர் இரும்புப் பெட்டி வாங்கினான். பட்டறையில் கொடுத்து இரண்டு கொண்டி பற்றவைத்தான், இரண்டு பூட்டுப் போட்டான். ஒரு சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். இன்னொன்றை என் வீட்டுக்காரர் இப்ராஹீமிடம் கொடுத்தான்.

“பாய், நீங்கதான் பிரசிடன்ட். நானே வந்து அழுதாலும் சாவியக் கொடுக்காதீங்க” என்றானாம். இந்த மனுஷரும் தலையை ஆட்டி வாங்கி வந்தார். அவர் மௌத்தான பிறகு அவருடைய மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம் இவற்றோடு இந்தப் பதவியும் எனக்கு வந்து சேர்ந்தது. சாவியை அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

அண்ணாதுரையும் என் வீட்டுக்காரரும் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு நாணய மாற்றுக் கடையில் வேலை பார்த்தவர்கள். கடை என்று பெயர். இரண்டு ஆள் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாது. கண்ணாடியில் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் அண்ணாதுரை. டாலர், ரிங்கிட், ரூபாய், ரூப்பியா எல்லாம் அவன் விரலில் புரண்டு போகும். எதுவும் அவனுடையது இல்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்தந்த நாட்டு நிதி அமைச்சர்கள் அவனிடம் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள் என்பதுபோல வருவான்.

இந்தப் பைத்தியம் அவனுக்கு அப்பா வழியில் வந்தது. அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரனிடம் வேலை பார்த்தவர். குடிக்கமாட்டார், சீட்டு ஆடமாட்டார். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைத் தகரப் பெட்டியில் போட்டு வைத்தார். அறுபத்தேழில் சிங்கப்பூர் சொந்தமாகப் புது நோட்டு அடித்தது. பழைய நோட்டையும் வைத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் மாற்றிக்கொண்டார்கள். இவர் மாற்றவில்லை. அந்த வருஷக் கடைசியில் பிரிட்டிஷ்காரன் தன் பவுண்டு நாணயத்தின் மதிப்பைக் குறைத்தான். அதோடு கட்டி வைத்திருந்த பழைய நோட்டும் கூடவே விழுந்தது. படுக்கப் போகும்போது ஒரு வெள்ளியாக, அதாவது ஒரு டாலராக இருந்தது விடிந்ததும் எண்பத்தைந்து காசு. ஊரே வரிசையில் நின்று கிடைத்தவரைக்கும் போதும் என்று மாற்றியது. இவர் கடைசிவரை ஒரு கட்டு நோட்டை மாற்றவே இல்லை. “ஒரு வெள்ளிய ஒரு வெள்ளின்னு ஒத்துக்கிட்டாத்தான் கொடுப்பேன்” என்று அரசாங்கத்தோடு கோபித்துக்கொண்டார். அரசாங்கத்துக்குத் தூக்கமா கெட்டுப்போனது?

அப்போது அண்ணாதுரை பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா செய்தது முட்டாள்தனம் என்பதுதானே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்? அவனுக்குப் புரிந்தது வேறு. ஒரே நாட்டுக் காசை வைத்திருந்ததுதான் தப்பு, பல நாட்டுக் காசை வைத்திருந்தால் தப்பித்திருப்பார் என்று முடிவு கட்டினான். கூடவே தங்கமும் வேண்டும். நாடுகளெல்லாம் அப்படித்தான் வைத்திருக்கின்றன, நான் மட்டும் ஏன் வைக்கக் கூடாது என்றான்.

தொண்ணூற்றொன்றில் இந்தியா கையில் டாலர் இல்லாமல் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

“லாத்தா, இந்தியா தங்கத்த அடகு வச்சிருச்சு லாத்தா.”

“நம்ம பஃபலோ ரோட்டு அடகுக் கடையில தினம்தான் ஆளுங்க வைக்குது. அதுக்கெல்லாம் நீ அழுது நான் பாக்கலையே” என்றேன்.

இவன் இந்தியாவைப் பார்த்தது கல்யாணத்துக்குப் பெண் எடுக்கத் தஞ்சாவூருக்குப் போனபோது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்கு இத்தனை கண்ணீர்.

அந்தப் பெண்தான் சிவகாமி. வரும்போது கழுத்தில் ஆறு பவுன் தாலிச் சங்கிலியோடு வந்தாள். அவள் அம்மா போட்டது. மகள் திவ்யதர்ஷினி பிறந்து பல் முளைக்கிற வயதில், பால் குடிக்கும்போதெல்லாம் அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக் கடித்துக்கொண்டே இருக்கும். நானே பார்த்திருக்கிறேன். ஒரு வளையம் நசுங்கிச் சப்பையாகிவிட்டது. “ஆசாரிகிட்ட கொடுத்துத் தட்டிக்கடி” என்றால், “இருக்கட்டும் லாத்தா, பிள்ள கடிச்சது” என்று விரலால் தடவிக்கொண்டே இருப்பாள்.

பிறகு தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு வந்தது. தாய்லாந்துக் காசு விழுந்தது, இந்தோனேசியாக் காசு விழுந்தது. மூட்டை மூட்டையாக ரூப்பியாவைக் கட்டிக்கொண்டு வந்து கண்ணாடி ஓட்டைக்கு முன்னால் கப்பல்காரர்கள் கெஞ்சினார்கள். கொரியா கடனில் மூழ்கியது. நாட்டின் கையிருப்பு காலி, தங்கம் கொடுங்கள் என்றதும் அந்த ஊர் ஜனங்கள் மோதிரத்தையும் சங்கிலியையும் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றதை டிவியில் காட்டினார்கள். கல்யாண மோதிரத்தைக்கூடக் கொடுத்தார்கள்.

அண்ணாதுரை டிவியைப் பார்த்தான். அப்படியே திரும்பிச் சிவகாமியின் கழுத்தைப் பார்த்தான்.

“பாத்தியா? கொரியாக்காரி நாட்டுக்குக் கழட்டிக் கொடுக்குறா. உனக்கு இந்த வீட்டு மேல அந்த அக்கறை இருக்கா?”

என் வீட்டுக்காரர் சாவியோடு போனார். பெட்டி திறந்தது. சங்கிலி உள்ளே போனது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அடகில் வைத்தவர்கள் மீட்கிறவரைக்கும் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். நாலு மாதம், ஆறு மாதம். இவள் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறி இருபத்தேழு வருஷம் ஆகிறது.

கொரியாக்காரி கொடுத்தது நாட்டுக்கு. அந்த நாடும் எழுந்துவிட்டது, இப்போது எல்லாருக்கும் கைத்தொலைபேசி விற்கிறது. இவள் கொடுத்தது கட்டிலுக்கு அடியில் கிடக்கிற இரும்புப் பெட்டிக்கு. அந்தப் பெட்டி என்ன விற்றது?

உள்ளே என்ன இருக்கிறது என்று சிவகாமிக்கு அவன் சொன்னதே இல்லை. கேட்டால், “சிங்கப்பூர் மொத்தம் எவ்வளவு வச்சிருக்குன்னு சொல்லுதா? சொல்லாது. சொன்னா எதிரிக்குத் தெரிஞ்சுபோகும்” என்பான். சிவகாமிக்கு எந்த எதிரி? நாள் முழுக்க எதிரே இருக்கிற தையல் மிஷினா? நான் பதவிக்கு வந்த பிறகு, புதிதாக எதையோ உள்ளே போட இரண்டு மூன்று தடவை பெட்டி திறந்தோம். என் பூட்டைத் திறந்ததும், “அந்தப் பக்கம் திரும்பிக்குங்க லாத்தா” என்பான்.

“பிரசிடன்ட் பாக்கக் கூடாதா?”

“பிரசிடன்ட் திறக்கலாம். நோண்டக் கூடாது.”

கோவிட் வந்தது. எல்லை மூடினால் நாணய மாற்றுக் கடைக்கு யார் வருவார்கள்? முதலாளி கடையைச் சாத்தினார். அண்ணாதுரை வீட்டில் உட்கார்ந்தான். அப்போது இந்த நாடே தன் கஜானாவைத் திறந்தது. அரசாங்கம் கேட்டது, அதிபர் சம்மதித்தார், ஜனங்களுக்குப் பணம் வந்தது. நான் சாவியைக் கடுகிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு போய் அவன் வாசலில் நின்றேன்.

“நாடே திறந்துருச்சு. நீயும் திற” என்றேன்.

“நாட்டுக்கு எமர்ஜென்சி லாத்தா. நமக்குத்தான் கஞ்சி இருக்கே.”

கஞ்சி இருந்தது. ஏனென்றால் சிவகாமி முகமூடி போட்டுக்கொண்டு விடியற்காலையில் ஒரு சமையல் கூடத்துக்குப் பாத்திரம் கழுவப் போனாள். பெட்டிக்கு மேலே மெத்தை போட்டு அண்ணாதுரை படுத்திருந்தான்.

இலங்கையில் டாலர் தீர்ந்து, பெட்ரோலுக்கு ஜனங்கள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்த வருஷம் அவன் நடையே மாறிவிட்டது. “சொன்னேனா இல்லையா? கையிருப்பு இல்லாத நாட்டோட கதியப் பாருங்க” என்று லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரையும் பிடித்து நிறுத்துவான். பாவம் அந்த ஜனங்கள் பால் பவுடருக்கு அலைந்தார்கள், இவன் ஏதோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன்போலத் திரிந்தான். அப்புறம் தங்கம் ஏற ஆரம்பித்தது. சீனா வாங்குகிறது, இந்தியா வாங்குகிறது, போலந்து வாங்குகிறது என்று தினம் காலையில் ஒரு நாட்டின் பேர் சொல்வான். சிவகாமி தாலிக் கயிற்றில் மஞ்சள் பூசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் திவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் பெயர் ராஜீவ், கிளமெண்டியில் வீடு. ஆவணியில் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில் முகூர்த்தம். அப்போதுதான் சிவகாமி வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். மகள் கல்யாணத்தன்று தன் சங்கிலியைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான். முகூர்த்தம் முடிந்ததும் திரும்பப் பெட்டிக்குள் போட்டுக்கொள் என்றும் சொன்னாள். இதைவிட யாராவது இறங்கிப் போக முடியுமா?

திவ்யா சம்பாதிக்கிற பெண். “மா, நான் புதுசா வாங்கித் தர்றேன்மா. இப்ப நல்ல டிசைன்லாம் வருது, ஃபைட் பண்ணாதீங்க” என்றாள்.

“உன் பல்லு பட்டது அதுலதாண்டி இருக்கு. கடைக்காரன் அதையும் போட்டுத் தருவானா?” என்றாள் சிவகாமி.

அதற்குத்தான் அவன் அப்படிக் கத்தினான். கழுத்தில் தொங்கினால் செலவாம்.

கத்தரிக்காயைச் சன்னல் விளிம்பில் வைத்தேன். உள்ளே போய் அஞ்சறைப்பெட்டியிலிருந்து சாவியை எடுத்து வந்தேன்.

“அண்ணாதுரை, நான் பதவிய விட்டுட்டேன்” என்றேன்.

“அதெல்லாம் நினைச்சா விட முடியாது லாத்தா!”

“விட்டாச்சு. இந்தா சிவகாமி, பிடி.”

“ஐயையோ! அவகிட்டக் கொடுக்கக் கூடாது லாத்தா! அவ வீட்டு ஆளு! செலவு பண்றவங்க கையில அந்தச் சாவி போகவே கூடாது, அதுதான் சட்டமே!”

“செலவு பண்றவளா? அவ கடைசியா என்ன செலவு பண்ணா, சொல்லு பாப்போம்.”

சிவகாமி சாவியை வாங்கினாள். சண்டை போடவில்லை, அழவில்லை. கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை முன்னால் இழுத்தாள், முடிச்சைத் தளர்த்தினாள், தாலிக்குப் பக்கத்தில் அந்தச் சாவியைக் கோத்தாள். திரும்ப இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

“சங்கிலி வர்ற வரைக்கும் இது இங்கதான் இருக்கும். கல்யாண மேடையிலயும் இப்படித்தான் நிப்பேன்” என்றாள்.

அண்ணாதுரை சிரித்தான். பூட்டுச் சாவியை யாராவது தாலியோடு போட்டுக்கொண்டு ஊர் முன்னால் நிற்பார்களா, இரண்டு நாளில் கழற்றிவிடுவாள் என்று நினைத்தான். அவள் கழற்றவில்லை. தேக்கா சந்தைக்கு அப்படியே போனாள். கோயிலுக்கும் வேலைக்கும் அப்படியே போனாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் சாவி தாலியில் இடித்து டிங் டிங் என்றது. அந்தச் சத்தம் கேட்டால் அண்ணாதுரை டிவியின் சத்தத்தைக் கூட்டுவான்.

கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால் சம்பந்தி வீட்டார் பத்திரிகை விஷயம் பேச வந்தார்கள். நான் முட்டையும் தேங்காய்ப்பாலும் போட்டு வட்டலப்பம் செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ராஜீவின் அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் எதுவும் தப்பாது. சிவகாமி குனிந்து கோப்பி வைத்தாள். டிங் என்றது.

“அதென்ன சம்பந்தி, கழுத்துல சாவி? பீரோ சாவியா?” என்றார் அந்த அம்மா.

அண்ணாதுரைக்கு முகம் செத்துவிட்டது. சிவகாமி நிதானமாகச் சொன்னாள்.

“உங்க சம்பந்தியோட ரிசர்வ் சாவிங்க. ஒண்ணு அவர் இடுப்புல இருக்கு. இது என்கிட்ட இருக்கு.”

“ரிசர்வா?”

அவ்வளவுதான், அண்ணாதுரைக்கு முகத்தில் உயிர் வந்துவிட்டது. யாராவது அந்த வார்த்தையைக் கேள்வியாகக் கேட்டால் போதும். நாற்காலி நுனிக்கு வந்தான். ஒரு நாடு எத்தனை மாத இறக்குமதிக்குக் கையிருப்பு வைக்க வேண்டும், எவ்வளவு டாலரில், எவ்வளவு தங்கத்தில், கொரியா என்ன செய்தது, இலங்கை என்ன செய்யவில்லை என்று ஆரம்பித்தான். ராஜீவின் அப்பா பாவம், வட்டலப்பத்தை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். கணக்கு வாத்தியாரம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், “இன்ட்ரெஸ்டிங்கா இருக்கே! திறந்து காட்டுங்களேன், பார்ப்போம் லா” என்றார்.

“அது... அப்படியெல்லாம் திறக்கறது இல்ல சம்பந்தி.”

“ரெண்டு சாவியும் இங்கதானே இருக்கு?” என்றேன் நான்.

“ப்பா, ஜஸ்ட் ஓப்பன் பா. அவங்க கேக்கறாங்கல்ல” என்றாள் திவ்யா.

இவ்வளவு நேரம் அளந்துவிட்டு இப்போது திறக்கமாட்டேன் என்றால் பெட்டி காலி என்று நினைப்பார்கள். அந்த மானம் தாங்காமல் உள்ளே போனான். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தான். வேட்டியை விலக்கி அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தான். சிவகாமி தரையில் உட்கார்ந்து, கயிற்றைக் கழற்றாமலே முன்னால் குனிந்து தன் பூட்டைத் திறந்தாள்.

முதலில் வந்தது நோட்டுக் கட்டுகள். உறை உறையாக, ரப்பர் போட்டு, நாட்டின் பெயர் எழுதி. கணக்கு வாத்தியாரம்மா ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

“இது மலேசியா ஆயிரம் ரிங்கிட்டுல்ல? இது செல்லாதுன்னு சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு! எங்க அப்பா காலத்துல. அட, இது இந்தியா ஆயிரம் ரூபாய். இதுவும் போச்சே.”

“அதுக்கு ஹிஸ்டாரிக்கல் வேல்யூ இருக்கு” என்றான் அண்ணாதுரை.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. கண்ணாடி ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, “சீக்கிரம் மாத்திடுங்க, கெடு முடியப்போகுது” என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் இவன். தன் பெட்டியில் போட்டதை மட்டும் எடுத்து மாற்றவில்லை. எடுத்தால் ரிசர்வைத் தொட்டதாகிவிடுமாம். அதற்கெல்லாம் அடியில் இன்னொரு கட்டு இருந்தது. அவன் அப்பா அரசாங்கத்தோடு கோபித்துக்கொண்டு மாற்றாமல் வைத்த நோட்டு. அப்பன் ஒரு கட்டு வைத்தான், மகன் ஒரு பெட்டியே வைத்திருக்கிறான்.

சிவகாமி நோட்டைப் பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். உறைகள் தீர்ந்தன. மூலையில் பிளாஸ்டிக் உறை போட்ட சின்னக் கட்டி ஒன்று மஞ்சளாகக் கிடந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். வேறு எதுவும் விழவில்லை.

“என் சங்கிலி எங்க?”

அண்ணாதுரை ஓர் உறையை எடுத்து ரப்பரைச் சரிசெய்தான்.

“உங்களத்தான் கேக்குறேன். என் சங்கிலி எங்க?”

“அதான் அது” என்றான் அண்ணாதுரை, கட்டியைக் காட்டி. “நாடு என்ன சங்கிலியாவா வச்சிருக்கு? கட்டியாத்தான் வச்சிருக்கு. கொரியாவுலயும் எல்லாத்தையும் உருக்கித்தான் வச்சாங்க. நான் மேல காசு போட்டு அம்பது கிராமா ஆக்கினேன். ஒரு பொட்டு வேஸ்ட் ஆகலை.”

“எப்ப?”

“அந்த வாரமே.”

இருபத்தேழு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது இல்லாத சங்கிலியை. அவன் கத்திய கத்தல் எல்லாம் இதற்குத்தான். ரிசர்வைத் தொடக் கூடாது என்பதற்காக இல்லை, தொட்டால் தெரிந்துவிடும் என்பதற்காக. கட்டி உள்ளே போனபோது என் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் நின்றிருப்பார், ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. இப்போது சுவா சூ காங் மையவாடியில் அடக்கமாகி இருக்கிறார், அங்கே போய்ச் சண்டை போட பஸ் ஏற எனக்கு இப்போது முழங்கால் விடவில்லை.

ராஜீவின் அப்பா அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். சமாதானம் பண்ணுவதாக நினைப்பு. “ஆனா பாருங்க, அன்னிக்கு விலைக்கு இன்னிக்கு பத்து மடங்கு ஆயிருக்கும். குட் இன்வெஸ்ட்மென்ட்தான்.”

“அதத்தான் சம்பந்தி நானும் சொல்றேன்!” என்றான் அண்ணாதுரை, மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்ததுபோல.

சிவகாமி அந்தக் கட்டியை உள்ளங்கையில் வைத்தாள். திருப்பிப் பார்த்தாள். நான்கு பக்கமும் வழவழவென்று இருந்தது. அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“இதுல எந்தப் பக்கம் என் பிள்ள கடிச்சுது? காட்டுங்க.”

அவன் கட்டியைப் பார்த்தான். நிஜமாகவே பார்த்தான், தேடுகிறவன்போல. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். திவ்யா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். கணக்கு வாத்தியாரம்மா நோட்டு உறைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கி வைத்தார், அதற்கு மேல் அந்த அம்மாவாலும் என்ன செய்ய முடியும்?

சம்பந்தி வீட்டார் போன பிறகு சிவகாமி கட்டியைச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். துவரம் பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பூட்டு இல்லை, சாவி இல்லை. பருப்பு எடுக்கும்போதெல்லாம் கையில் படும். அண்ணாதுரை அந்த டப்பாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான், தொடத் தைரியம் இல்லை. இரண்டு சாவிகளையும் பெட்டிக்குள்ளேயே, செல்லாத நோட்டுகளுக்கு நடுவில் போட்டுவிட்டாள். பெட்டி இப்போது திறந்தே கிடக்கிறது.

“அதக் கொடுத்துச் சங்கிலியா அடிச்சுக்கடி. உன் தங்கம்தானே” என்றேன்.

“எனக்கு வேண்டாம் லாத்தா. கல்யாணத்துக்குப் புதுக் கயிறு போட்டுக்குவேன். அவரே போய் வாங்கிட்டு வரட்டும்.”

“அவனா?”

“அவர்தான். என் கழுத்துக்குன்னு இதுவரைக்கும் ஒண்ணும் வாங்கினதில்ல. எடுக்க மட்டும்தான் தெரிஞ்சுது.”

கல்யாணத்துக்கு முதல் நாள் அண்ணாதுரை ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்குப் போனான். பூக்கடைகளும் பூசைச் சாமான் கடைகளும் இருக்கிற அந்த வரிசையில்தான் அவன் வாழ்நாள் பாதி போனது, ஆனால் அதில் ஒரு கடைக்குள்ளும் அவன் காசோடு நுழைந்ததில்லை. மத்தியானம் திரும்பி வந்தான். லிஃப்டை விட்டு இறங்கியவன் நேராகத் தன் வீட்டுக்குப் போகாமல் என் கதவுக்கு முன்னால் நின்றான். கையில் சின்னக் காகிதப் பொட்டலம்.

“கிடைச்சுதா?” என்றேன்.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். பளிச்சென்று மஞ்சள், நல்ல முறுக்கு. தங்கம் என்ன விலை என்று அன்றைக்கு அவன் சொல்லவில்லை. உலகத்து நாடுகள் எதைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை.

“என்ன விலை சொன்னான்?” என்று நானேதான் கேட்டேன்.

“ஒரு வெள்ளி இருபது காசு லாத்தா.”